கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவை டிவியில் போட்டால் கிரீஸ் நாட்டுக்காரர்கள்தான் முதலில் வருவார்கள். அந்த இடத்தில் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். தண்ணீர் குடிக்கப் போகிறேன், மாத்திரை போடப் போகிறேன் என்று ஏதாவது சொல்லிக்கொள்வேன். வீட்டில் யாரும் கேட்பதும் இல்லை. இந்த வயதில் ஒருத்தி எழுந்து உள்ளே போனால் மூட்டு வலி, சர்க்கரை, தூக்கம் என்று அவர்களாகவே ஒரு காரணம் வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? நம் வயதுக்காரர்களிடம் இனி யாரும் காரணம் கேட்கப் போவதில்லை. அதனால் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். சொல்வதற்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

ரோமாபுரியில் ஒலிம்பிக்ஸ் நடந்து முடிந்திருந்த சமயம். நாங்கள் விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ஃபயர்மேன். நீராவி எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் அறை முழுக்கக் கரிப்புகையும் எண்ணெயும் கலந்த ஒரு வாடை வரும். இன்று அந்த வாடைக்கு எங்கே போவது? மின்சார ரயிலில் வாடையே இல்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். எஞ்சின் ஷெட்டில் அவருக்குக் கால்பாய் வேலை. இப்போது அந்த வேலை இல்லை என்பதால் சொல்கிறேன். எந்த வண்டிக்கு எந்த டிரைவர், எந்த ஃபயர்மேன் என்று ஷெட்டில் முடிவானதும், அவரவர் வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவைத் தட்டி, "டூட்டி வந்திருக்குது, கெளம்புங்க" என்று சொல்ல வேண்டும். போன் ஏது அப்போது? டிரைவர்கள் ஊரெல்லாம் சிதறிக் குடியிருந்தார்கள். மாமா சைக்கிளில் போகலாம். ஆனால் போகமாட்டார். "சைக்கிள எடுத்து, பூட்டத் தொறந்து, காத்து இருக்குதான்னு பாத்துக்கினு இருக்கறதுக்குள்ள நான் போய்ட்டே வந்துருவேன்க்கா" என்பார். அது பெருமைக்குச் சொன்னதில்லை. அவர் அப்படித்தான் ஓடினார்.

அம்மாவுக்கு அவர் தம்பி மட்டும் இல்லை, பிள்ளை. அவர்களைப் பெற்றவள் மாமாவின் பிரசவத்திலேயே போய்விட்டாள். அடுத்த சித்திரையில், களத்துமேட்டிலிருந்து வெயிலில் நடந்து வந்த அவர்களுடைய அப்பா வாசலில் நின்று "தண்ணி" என்று கேட்டார். அம்மா உள்ளே ஓடிச் செம்பில் மொண்டு வருவதற்குள் விழுந்து முடிந்துவிட்டார். அம்மா அப்போது பாவாடை கட்டிய சிறுமி, மாமா தவழுகிற குழந்தை. தண்ணீர் நிரம்பிய அந்தப் பித்தளைச் செம்பைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றதாக அம்மா சொல்வாள். கல்யாணமாகி வரும்போது அந்தச் செம்பையும் தம்பியையும் கூடவே கொண்டுவந்தாள். அம்மாவைப் பற்றி இது தெரிந்தால் போதும், மற்றது உங்களுக்கே விளங்கும்.

இனி டிரில் மாஸ்டர். எங்கள் பள்ளியில் கையில் விசிலும் இடுப்பில் அகலமான பெல்ட்டுமாக ஒருவர் இருந்தார். கிரேக்கம் என்றால் அவருக்குப் பைத்தியம். ஏன் என்று தெரியாது. அந்த நாட்டை அவர் பார்த்ததில்லை, பாண்டிச்சேரியைத் தாண்டியே அவர் போனதில்லை என்று நினைக்கிறேன். மழை வந்து விளையாட்டு வகுப்பு நின்றுபோனால், வகுப்புக்குள் எங்களை உட்கார வைத்துக்கொண்டு கிரேக்க வீரர்களைப் பற்றியே பேசுவார். வட்டு எறிபவன், ஈட்டி எறிபவன், உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு மல்லுக்கு நிற்பவன். போட்டி நடக்கும் காலத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற ராஜாக்களும் வாளைக் கீழே வைத்துவிடுவார்களாம். ஜெயித்தவனுக்குப் பொன்னும் இல்லை, பொருளும் இல்லை, தலையில் ஒரு இலைக் கிரீடம் மட்டும். "வெறும் இலைக்காகவா சார்?" என்று நான் கேட்டேன். "வெறும் இலைக்காகத்தாம்மா" என்று சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது.

சினிமாக் கொட்டகையில் படத்துக்கு முன்னால் செய்திப்படம் போடுவார்களே, அதில் ஒரு நாள் ரோமாபுரி வந்தது. வீட்டோடு போயிருந்தோம். எல்லா நாட்டு வீரர்களும் கொடியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வர, முதலில் கிரீஸ். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த டிரில் மாஸ்டர் எழுந்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பின்னாலிருந்து "யோவ் ஒக்காருய்யா! மறைக்குது!" என்று சத்தம். மாஸ்டர் அசையவில்லை. கிரீஸ் திரையை விட்டுப் போன பிறகுதான் உட்கார்ந்தார். எங்கள் மாமா சிரிக்கவில்லை. 

அதற்குப் பிறகு மாஸ்டர் கையில் ஒரு மேப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மாரத்தான் என்று ஒரு ஊர். அங்கே நடந்த போரில் ஜெயித்த சேதியைச் சொல்ல ஏதென்ஸ் வரைக்கும் ஒருவன் ஓடினான். அந்தத் தூரமும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற தூரமும் ஏறக்குறைய ஒன்று.

"கடவுளே அளந்து வெச்சிருக்காரு பாருங்க" என்றார் மாஸ்டர். "தை மாசம் நம்ம டிரங்க் ரோட்டுல மாரத்தான் நடத்தப் போறேன். யாரு வேணா ஓடலாம். மெட்ராஸ்லேர்ந்து ரயில்வே ஆபீசர் ஒருத்தர் வர்றாரு. ஜெயிக்கறவன ரயில்வே டீம்ல சேத்துக்கறதா சொல்லிட்டாரு. உங்க மச்சான உட்டா யாரு சார் இருக்கா?"

அப்பா மாமாவைப் பார்த்தார். கால்பாயாகச் சேர்ந்தவர்கள் கால்பாயாகவே நரைத்துப்போவதை அப்பா தினமும் ஷெட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர். டீமில் சேர்ந்தால் மெட்ராஸ், நிரந்தர உத்தியோகம், ஊர் ஊராகப் போய் ஓடலாம். மாமாவுக்கு அந்த உத்தியோகமெல்லாம் அவ்வளவாகக் காதில் விழவில்லை. "சார், ஒலிம்பிக்ஸ திரும்ப ஆரம்பிச்சப்ப மொத மாரத்தான ஜெயிச்சது யாருங்க?" என்று கேட்டார்.

"கிரேக்கத்துக்காரன்தான். ஊருக்குத் தண்ணி சுமந்து வித்துக்கினு இருந்தவன்."

"தண்ணிக்காரன் ஜெயிக்கலாம்னா கால்பாய் ஜெயிக்கக் கூடாதா?" என்று மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

மார்கழி முழுக்க ஓட்டம்தான். விடிகிற நேரத்தில் கண்டமங்கலம் சாலையில் ஓடிவிட்டு வருவார். பனியில் நனைந்த சட்டையிலிருந்து ஆவி கிளம்பும். அம்மா கேப்பைக் கூழைக் கரைத்து வைத்திருப்பாள். வறுத்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், நான் தோல் நீக்கிக் கொடுப்பேன், பாதி என் வாய்க்குப் போகும். மாஸ்டர் எங்கிருந்தோ ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தார். மாமா போட்டுப் பார்த்துவிட்டு, "பேஜாரு சார் இது, கால கட்டிப்போட்ட மாதிரி கீது" என்று கழற்றிவிட்டார். ரோமாபுரியில் மாரத்தான் ஜெயித்தவரும் வெறுங்காலோடுதான் ஓடினார் என்று பேப்பரில் படித்திருந்ததால் மாஸ்டர் வற்புறுத்தவில்லை.

கிரீடத்துக்குத்தான் பெரிய ரகளை. கிரேக்கத்தில் ஆலிவ் இலை. இங்கே ஆலிவுக்கு எங்கே போவது? மாஸ்டர் வேப்பிலையில் ஒன்று கட்டிக் கொண்டுவந்து மாமா தலையில் வைத்து அளவு பார்த்தார். அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள்.

"வாத்தியாரே, எடுங்க மொதல்ல! அம்ம வாத்த புள்ளயா அவன்? வேப்பலைய தலயில வெக்கறீங்க!"

மாஸ்டர் மறுநாள் அரளி இலையில் கட்டி வந்தார். "அது வெசம்" என்றாள் அம்மா. மாவிலை, "தோரணமா கட்டப் போறீங்க?" கடைசியில் புங்க இலைக்கு அம்மா ஒப்புக்கொண்டாள். பளபளவென்று, கசக்கினால் ஒரு பச்சை வாடை. கிரேக்க நாட்டு ஆலிவ் விழுப்புரத்தில் புங்கமரமாக முடிந்தது.

இதுவரைக்கும் எல்லாம் சந்தோஷம்தான். மாஸ்டர் இதோடு நிறுத்தியிருக்கலாம். ஜனங்களுக்கு மாரத்தான் என்றால் என்னவென்று தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டார் மனிதர். நோட்டீஸ் அடித்தால் யார் படிப்பார்கள்? நம் பக்கத்தில் ஒரு கதை ஊருக்குள் போக வேண்டுமென்றால் தெருக்கூத்துதான். கூத்து வாத்தியார் ஒருவரிடம் போய்க் கதையைச் சொல்லி, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் முன்பே மைதானத்தில் ஆட வைத்துவிட்டார்.

நல்ல கூத்துதான், குறை சொல்லக் கூடாது. கிரேக்க ராஜா நம் துரியோதனன் போட்டுக்கொள்கிற கிரீடத்தையே போட்டிருந்தார். கட்டியக்காரன் தூதுவனிடம், "அவ்ளோ தூரமா? பஸ்ஸு வராதா உங்க ஊருக்கு?" என்று கேட்க, ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தூதுவன் சலங்கை கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். தாகம், வெயில், மேடு, பள்ளம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு. கடைசியில் ராஜாவின் முன்னால் வந்து நின்று, "ஜெயித்தோம்!" என்று கத்திவிட்டுத் தடாலென்று விழுந்து செத்தான்.

யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்துத் திரௌபதியம்மன் திருவிழாவில் படுகளம் உண்டு. போரில் செத்தவர்களாகச் சிலர் மண்ணில் படுத்துக் கிடப்பார்கள். பெண்கள் நிஜமாகவே அழுவார்கள். பிறகு மஞ்சள் தண்ணீர் தெளித்து அவர்களை எழுப்பிவிடுவார்கள். எழுப்பினால்தான் வீட்டுக்குப் போக மனசு வரும். கிரேக்கத் தூதுவனை யாரும் எழுப்பவில்லை. கூத்து வாத்தியார் மங்களம் பாடிவிட்டார்.

"தண்ணி தெளிக்கலயே?" என்று அம்மா கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியாது. "அவன அப்படியே உட்டுட்டாங்களே!"

வீட்டுக்கு வந்ததும் மாமாவைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஓடக் கூடாது. ஓடி வந்து செத்தவன் கதைய எனக்கு மறச்சிட்டு, என் புள்ளய அதே மாதிரி ஓட உடுறாரு அந்த வாத்தியாரு."

"அக்கா, அது எந்தக் காலத்துலயோ நடந்தது. போருல அடிபட்டு ஓடினவன் அவன்."

"நம்ம அப்பா போருலயா அடிபட்டாரு? களத்துமேட்டுலேர்ந்து வந்தாரு. வாசல்லதான உழுந்தாரு? ஓடற வரைக்கும் ஒண்ணும் ஆவாதுடா. வந்து சேர்ற எடத்துலதான் எமன் நிக்கறான்."

 அம்மா அன்று சாப்பிடவில்லை. மாமாவும் சாப்பிடவில்லை. அப்பா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு தனியாகச் சாப்பிட்டார். மறுநாள் மாஸ்டர் வந்து தலைகீழாக நின்று பார்த்தார். உலகமெல்லாம் ஓடுகிறார்கள், யாரும் சாகவில்லை, டாக்டர் இருப்பார், தண்ணீர் இருக்கும் என்றெல்லாம் சொன்னார். அம்மா அசையவே இல்லை. கடைசியில் மாமா அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"நீ வேணான்னா ஓடலக்கா. சத்தியமா ஓடல. ஆனா ஷெட்டுல கூப்ட்டா ஓடறேன். எவன் எவன் வீட்டுக் கதவத் தட்டவோ ஓடறேன். ஒரே ஒரு தபா எனக்காவ ஓடிக்கிறேனே."

அம்மா திரும்பவில்லை. "முடியற எடத்துல நான் நிப்பேன்" என்றாள். "செம்போட நிப்பேன். யாரும் என்ன தடுக்கக் கூடாது."

"நில்லுங்கம்மா, தாராளமா நில்லுங்க" என்றார் மாஸ்டர், தப்பித்தோம் என்று. "ஆனா ஒண்ணு. ஓடறவன வெளியாளு யாரும் தொடக் கூடாது. தொட்டா செல்லாது. அது கிரேக்க நாட்டு நியாயம், நான் மாத்த முடியாது." அம்மா தலையை ஆட்டினாள். அவள் அதைக் காதில் வாங்கினாளோ என்னவோ, செம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாள் வந்தது. மாமாவும் மற்றவர்களும் விடிகாலையில் விழுப்புரத்திலிருந்து ஓடக் கிளம்பினார்கள். நாங்கள் மூவரும் பாசஞ்சரில் திண்டிவனம் போனோம். அம்மா வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ரயிலிலிருந்து அவர்கள் தெரிவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. மடியில் செம்பு. அதில் மஞ்சள் கரைத்த தண்ணீர். வண்டி குலுங்கும்போதெல்லாம் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். திண்டிவனத்தில் இறங்கியபோது அவள் கை மணிக்கட்டு வரைக்கும் மஞ்சளாக இருந்தது.

பள்ளிக்கூட மைதானத்துக்கு எதிரே சாலையின் குறுக்கே சுண்ணாம்பில் அகலமாக ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதுதான் முடிவு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஷாமியானா, நாற்காலிகள், பேண்டு வாத்தியம், மெட்ராஸ் ஆபீசர், தட்டில் புங்க இலைக் கிரீடம். எல்லோரும் அந்தப் பக்கம்தான் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தவனை அங்கேதானே தூக்குவார்கள்? அம்மா கோட்டுக்கு இந்தப் பக்கம், புளியமரத்து நிழலில் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொண்டர் படையில் இருந்த ஒருவர் வந்து, "அம்மா, அந்தாண்ட போங்க" என்றார். "வந்து சேர்றதுக்கு முன்னால பாக்கணும்" என்றாள் அம்மா. அவருக்குப் புரியவில்லை. போய்விட்டார்.

வெயில் ஏறியது. விக்கிரவாண்டியில் ஒரு போலீஸ்காரர் முன்னால் போகிறார் என்று லாரிக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்த பஸ்ஸில், கூட்டேரிப்பட்டில் போலீஸ்காரர் உட்கார்ந்துவிட்டார், வெறுங்கால் பையன் ஒருத்தன் முன்னால் வருகிறான் என்றார்கள். அப்பா பீடியைப் பற்றவைத்தார், அணைத்தார், மறுபடி பற்றவைத்தார். வழியில் ஊர் ஊராகப் பெண்கள் குடத்தோடு நின்று ஓடுகிறவர்களுக்கு மோர் ஊற்றினார்களாம். கிரேக்கத்துக்காகவா ஊற்றினார்கள்? தாகத்தோடு ஒருத்தன் வருகிறான், ஊற்றினார்கள்.

பிறகு சாலைத் திருப்பத்தில் ஒரு தலை தெரிந்தது. மாமா.

தனியாக வந்தார். பின்னால் வெகு தூரத்துக்கு யாரும் இல்லை. முகத்தில் உப்புப் பூத்திருந்தது, காலில் ரத்தம். ஆனால் ஓட்டத்தில் ஒரு பிசகும் இல்லை. டிரைவர் வீட்டுக்கு டூட்டி சொல்லப் போகிறவர் எப்படி ஓடுவாரோ அப்படித்தான் ஓடிவந்தார். ஷாமியானாவில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பேண்டு ஆரம்பித்தது. டிரில் மாஸ்டர் கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

மாமா எங்களைப் பார்த்தார். ஓட்டத்தைக் குறைத்தார். கோட்டுக்குச் சற்று முன்னால் எங்கள் பக்கம் திரும்பி வந்து, அம்மாவின் எதிரே நின்று, குனிந்தார். வலது கை அம்மாவின் காலை நோக்கி நீண்டது. நான் அம்மாவின் இடுப்பு உயரம்தான் இருந்தேன், அதனால் அந்தக் கை என் கண்ணுக்கு நேரே வந்தது. விரல்கள் சேர்ந்திருந்தன. விழுகிறவன் கை அப்படி இருக்காது.

அம்மா பார்த்தது வேறு. "ஐயோ தம்பி!" என்று ஒரு அலறல். அக்குளில் கையைக் கொடுத்து அவரை அப்படியே வாரித் தூக்கிக் கட்டிக்கொண்டாள். செம்புத் தண்ணீர் முழுக்க அவர் தலையில். "எந்திரிடா! எந்திரிடா! உட மாட்டேன், உன்ன உட மாட்டேன்!" செம்பு கைநழுவி விழுந்து, உருண்டு, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது. மாமா அவள் பிடியிலிருந்து விடுபட முடியாமல், அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் கோட்டைத் தாண்டினார். இருவர் உடம்பிலும் மஞ்சள்.

பேண்டு பாதியில் நின்றது.

"மாமா உழல! கும்புட்டாரு! கும்புடத்தான் குனிஞ்சாரு!" என்று நான் கத்தினேன். "வாய மூடு" என்று அப்பா என் வாயைப் பொத்தினார். பெரியவர்கள் ஒரு காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும்?

மெட்ராஸ் ஆபீசர் நல்ல மனிதர். "அக்காதானே மாஸ்டர், விடுங்க. பையன் நல்லாத்தானே வந்தான்" என்றார். டிரில் மாஸ்டர் நினைத்திருந்தால் அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்திருக்கும். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தொட்டுட்டாங்க சார். நான் சொல்லியிருந்தேன். இத உட்டுட்டா இது ஒலிம்பிக்ஸ் இல்ல சார், தேர் இழுக்கற மாதிரி ஆயிடும். செல்லாது."

"நான் இன்னா வெளியாளா?" என்றாள் அம்மா. "வளத்தவ நான். என்னெப் போயி வெளியாளுன்றீங்களே!"

மாஸ்டர் அம்மாவைப் பார்க்கவில்லை. அடுத்து வந்தவர் கண்டமங்கலம் பக்கத்துப் பண்ணையாள். விஷயம் தெரியாமல் ஓடிவந்து கோட்டைத் தாண்டிய அவர் தலையில் கிரீடத்தை வைத்தார்கள். அவர் திருதிருவென்று விழித்தார்.

திரும்பும்போது அந்தக் கண்டமங்கலத்துக்காரரும் எங்களோடுதான் ரயிலுக்கு வந்தார். திண்டிவனம் பிளாட்பாரத்தில் அவர் கிரீடத்தைக் கழற்றி மாமாவிடம் நீட்டினார். "உங்களுதுங்க இது. நான் பின்னாலதான வந்தேன்." மாமா வாங்கவில்லை. "கோட்டத் தாண்டினது நீங்க. வெச்சிக்கோங்க." அவர் வைத்துக்கொள்ளவும் கூச்சப்பட்டு, இருவருக்கும் நடுவில் பெஞ்சில் வைத்தார். இருவரும் தண்ணீர்க் குழாய்க்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தால், பிளாட்பாரத்து ஆடு ஒன்று கிரீடத்தைத் தின்றுகொண்டிருந்தது. நார் மட்டும்தான் பாக்கி.

முதலில் மாமாதான் சிரித்தார். அப்புறம் அவர். இருவரும் வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நாள் பூராவும் அம்மாவையும் மாஸ்டரையும் கிரேக்கத்தையும் பார்த்து அலுத்துப்போயிருந்த எனக்கு அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. ஒலிம்பிக்ஸ் என்று மாஸ்டர் வாய் ஓயாமல் சொன்னாரே, அதை நான் பார்த்தது அந்தப் பெஞ்சில்தான்.

கண்டமங்கலத்துக்காரர் மெட்ராஸ் போய் ரயில்வேயில் சேர்ந்து நன்றாகவே இருந்தார் என்று கேள்வி. இருக்கட்டும், நல்ல மனிதர். டிரில் மாஸ்டர் ஒரு முறை வீட்டுக்கு வந்தார். அம்மா உள்ளேயே இருந்துவிட்டாள். அப்பாதான் தண்ணீர் கொடுத்தார். மாஸ்டர் குடித்துவிட்டு எழுந்து போனார். அடுத்த வருஷம் மாற்றலாகிவிட்டார். இப்போது யோசித்தால் அவர்மேல் கோபம்கூட வரவில்லை. ஒரு நியாயத்தை நம்பினார், அது எங்கள் வீட்டின் மேல் விழுந்தது. என்னத்தைச் சொல்ல?

மாமா கால்பாயாகவே இருந்தார். நீராவி எஞ்சின்கள் போனபோது தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் ஆனார், பிறகு ரிட்டையர் ஆனார். கல்யாணம், பிள்ளைகள், எல்லாம் உண்டு. ஓட மட்டும் இல்லை, டூட்டி சொல்லக்கூட சைக்கிளில்தான் போனார். பஸ் கிளம்பிவிட்டால்கூட, "ஜல்தி வாங்க மாமா!" என்று நாங்கள் கத்தினாலும், நடந்துதான் வருவார். அந்தப் பித்தளைச் செம்பு எந்த வீடு மாற்றும்போது போனது என்று தெரியவில்லை. டிரங்க் ரோட்டுப் புளியமரங்களை வெட்டிவிட்டார்கள். பைபாஸில் போனால் இப்போது திண்டிவனத்துக்குள் நுழையவே வேண்டாம்.

அம்மாவுக்கு மட்டும் அந்தக் கதை பழையதாகவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வாள். "அன்னிக்கி நான் மட்டும் அங்க நிக்கலன்னா என் தம்பி இன்னிக்கி இல்ல. அப்பாவுக்குத்தான் தண்ணி குடுக்க முடியல. இவனுக்குக் குடுத்துட்டேன்." மாமா பக்கத்தில் இருந்தால், "கேளுங்க அவனையே" என்பாள். மாமா, "ஆமாங்க, அக்காதான் காப்பாத்துச்சி" என்பார். ஒவ்வொரு முறையும், அதே குரலில். எனக்கு அதைக் கேட்கக் கேட்க ஆத்திரமாக வரும். தெரிந்த நான் ஒருத்தி உயிரோடு இருக்கிறேனே என்று தோன்றும். ஆனால் சொல்லவில்லை, சொல்லி என்ன?

அம்மா போனாள். வயதாகித்தான் போனாள். கூடத்தில் கிடத்தியிருந்தபோது மாமா காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தார். அவருக்கு முட்டி போய் வெகுகாலம் ஆகியிருந்தது. குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. நாங்களாகவே போய்த் தூக்கவேண்டுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்ல அவராகவே நிமிர்ந்தார்.

காரியத்தன்று பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இனி யார் மனசு நோகப் போகிறது என்று கேட்டுவிட்டேன்.

"மாமா, திண்டிவனத்துல நீங்க உழலதான? கும்புடத்தான குனிஞ்சீங்க? நான் பாத்தேன்."

அவர் ஆச்சரியப்படவில்லை. "ஆமாம் பாப்பா."

"கோட்டத் தாண்டிட்டுக் கும்புட்டிருக்கலாமே மாமா! இன்னும் நாலு எட்டு!"

"தாண்டிட்டா ஜனங்க தூக்கிக்குவாங்க. மாலைம்பாங்க, பேண்டும்பாங்க. அந்தக் கூட்டத்துல எங்கக்கா எங்க நிப்பா சொல்லு? எல்லாருக்கும் பின்னால நிப்பா. அதான் அதுக்கு முன்னாலயே கும்புட்டுட்டுப் போயிடலாம்னு."

 "இத ஒரு தபா அம்மாகிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? சொன்னா, அவ கையால நான் தோத்துட்டதா ஆயிடாது?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னெக் காப்பாத்துனவளாவே போவட்டும்னு இருந்துட்டேன்."

அடுத்த பந்திக்கு இலை போட்டாயிற்று என்று யாரோ வந்து கூப்பிட்டார்கள். நான் எழுந்து கை நீட்டினேன். மாமா ஒரு நிமிஷம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.